பழைய கேம்பர் வேனை வீட்டுலயே சரி பண்றது: எதை முதல்ல தொடணும், எதைக் கடைசியில தொடணும்

பழைய கேம்பர் வேன் (உள்ளயே படுக்கை, அடுப்பு எல்லாம் வச்சு தங்குற மாதிரி செஞ்ச வேன்) ஒண்ணு கைக்கு வந்ததும் எல்லாரும் யோசிக்கிறது உள்பக்கத்தைப் பத்திதான். மெத்தைக்கு என்ன துணி போடலாம், அடுப்பு எந்தப் பக்கம் வரணும், எல்ஈடி லைட்டு எங்க ஒட்டலாம்னு. வேலை செய்ய வேண்டிய வரிசை அதுக்கு நேர் எதிர். தண்ணி உள்ள வர்ற வழியை அடைக்கணும், துருவை எடுக்கணும், வண்டி நிக்கச் சொன்னா நிக்கணும், அப்புறம் ஓடணும், அதுக்கப்புறம் ஒயரிங்கும் கேஸும், மரவேலை எல்லாத்துக்கும் கடைசி. இந்த வரிசையை மாத்தினா என்ன ஆகும்னா, அழகா பிளைவுட் அடிச்சு முடிச்சிருப்பீங்க, ஒரு மழை பெய்யும், ஓரத்துல கறை தெரியும், அது எங்கிருந்து வருதுன்னு பார்க்க நீங்க அடிச்சதை நீங்களே பிரிக்கணும். இன்ஜின் போச்சுன்னா வேற இன்ஜின் வச்சுக்கலாம், தண்ணி இறங்கி உளுத்துப்போன பாடியை அப்படி மாத்த முடியாது. அதனால தண்ணி, துரு இந்த ரெண்டைப் பத்தித்தான் இங்க நிறைய எழுதியிருக்கேன்.

முதல்ல நல்லா பாருங்க

ஒரு டார்ச்சு, மழுங்கின ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு, சின்ன காந்தம் ஒண்ணு போதும். பெயின்ட் கொப்புளிச்சிருக்கிற இடத்துல எல்லாம் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்க, உள்ள இறங்கிடுச்சுன்னா அங்க தகடே இல்ல, பெயின்ட் மட்டும்தான் நிக்குது. இரும்பு பாடியில காந்தம் எங்க ஒட்டலையோ அங்க யாரோ ஓட்டையை பட்டி வச்சு மூடியிருக்காங்க. கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டித் தகடு, வீல் ஆர்ச்சு, முன்கண்ணாடி ரப்பருக்குக் கீழ்ப்பக்கம், கூரை ஓரத்துல தண்ணி ஓடுற வாய்க்கா, பேட்டரி உக்கார்ற தட்டு, ஜாக்கி வைக்கிற இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்குற இடம், ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங்கும் சேஸ்ல மாட்டுற இடம், இதெல்லாம் ஒண்ணு விடாம பாருங்க. கடைசியா சொன்ன சீட் பெல்ட், ஸ்பிரிங், ஸ்டீயரிங் மூணும் உயிர் சம்பந்தப்பட்டது, அங்கெல்லாம் உளுத்திருந்தா நல்ல வெல்டர் பார்த்து சொல்ற வரைக்கும் அந்த வண்டிக்கு ஒரு பைசா செலவு பண்ணாதீங்க.

பார்ட்ஸ் கிடைக்குமான்னும் இப்பவே பார்த்துடுங்க. ஃபோக்ஸ்வாகன் டைப் 2 மாதிரி வண்டின்னா கவலை இல்ல, ஜெர்மனியில 1950-ல ஆரம்பிச்சு பிரேசில்ல 2013 வரைக்கும் செஞ்சிருக்காங்க, பாடி பேனல்ல இருந்து ஜன்னல் ரப்பர் வரைக்கும் இன்னும் புதுசா வருது. கொஞ்சமா தயாரிச்ச வண்டின்னா இன்ஜின் பார்ட்ஸ் எப்படியாவது தேத்திடலாம், ஏன்னா அதே இன்ஜின் வேற வண்டியிலயும் இருந்திருக்கும். கிடைக்காதது முன்கண்ணாடி, டெயில் லைட் கவர், ஜன்னல் ஃபிரேம், கதவு பூட்டு இதெல்லாம்தான். இது உடைஞ்சிருந்தா ரெண்டு தடவை யோசிங்க.

பிரிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, பிரிக்கும்போதும் எடுங்க, ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவையும் தனித்தனி கவர்ல போட்டு மேல எழுதி வைங்க. ஒயரைக் கழட்டுறப்ப ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி ஒரே நம்பர் போடுங்க. உளுத்துப்போன பழைய பலகையையும் தூக்கிப் போட்டுடாதீங்க, புதுப் பலகை வெட்டுறப்ப அளவுக்கு அதுதான் வேணும், வேன் சுவர் எங்கயுமே நேரா இருக்காது, டேப் வச்சு அளந்து வெட்டினா சேராது.

தண்ணி எங்க வருது

உள்பக்க பலகை எல்லாம் கழட்டி தகடு தெரியுற நிலையில ஹோஸ் டெஸ்ட் பண்ணணும். ஒருத்தர் உள்ள டார்ச்சோட, ஒருத்தர் வெளிய ஹோஸோட. முக்கியமான விஷயம், கீழ இருந்து மேல போகணும். கூரையில இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா பக்கமும் வழிஞ்சு எங்க உள்ள போச்சுன்னே தெரியாது. முதல்ல கதவோட கீழ் ஓரம், அப்புறம் ஜன்னலோட கீழ் விளிம்பு, பக்கம், மேல் விளிம்பு, அப்புறம் வாய்க்கா, கடைசியா கூரை. ஒவ்வொரு இடத்துலயும் அஞ்சு பத்து நிமிஷம் மெதுவா ஊத்துங்க, பிரஷர் வாஷர் வேண்டாம், அது நல்ல ரப்பருக்குள்ளயும் தண்ணியை ஏத்திடும். உள்ள இருக்கிறவர் சந்தேகப்படுற ஜாயின்ட்டுக்கு அடியில டிஷ்யூ பேப்பர் ஒட்டி வச்சா முதல் சொட்டு எங்க விழுதுன்னு பிடிச்சுடலாம். தண்ணி உள்ள வர்ற இடம் ஒண்ணு, நமக்குத் தெரியுற இடம் வேற. கூரை வென்ட்ல நுழைஞ்சு ஃபிரேம் வழியா ஓடி பின்கதவு பக்கத்துல சொட்டும், நாம பின்கதவு ரப்பரை மாத்திகிட்டே இருப்போம்.

வழக்கமா ஒழுகுற இடங்கள்னு பார்த்தா கூரை வென்ட், ஏரியல் ஓட்டை, கூரை ரேக் போல்ட், டெயில் லைட் கேஸ்கட், ஜன்னல் ரப்பர், மேல தூக்குற கூரை இருந்தா அதோட கீல் பக்கம், துணி தையல். கதவுக்கும் பெட்டித் தகட்டுக்கும் அடியில தண்ணி வெளிய போக கம்பெனியிலயே ஓட்டை வச்சிருப்பாங்க, அது மண்ணும் பழைய பெயின்ட்டும் அடைச்சு கிடக்கும், ஒரு கம்பி விட்டு குத்தி விடுங்க. பாதி துரு இந்த ஓட்டை அடைச்சதால வர்றதுதான்.

கூரை வென்ட் மாதிரி சாமான்னா முழுசா கழட்டி பழைய சீலன்ட்டை துளி விடாம சுரண்டி எடுத்து, ஆல்கஹால் போட்டு துடைச்சு, பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டுற, இறுகாத ரப்பர் டேப்) வச்சு திரும்ப மாட்டுங்க. ஸ்க்ரூவை ஒரேயடியா முறுக்காதீங்க, கொஞ்சம் டைட் பண்ணி விட்டு, சில நாள் கழிச்சு டேப் அமுங்கினப்புறம் திரும்ப ஒரு சுத்து. பழைய சீலன்ட் மேலயே புதுசா சிலிக்கான் பூசுறதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. சிலிக்கான் பட்ட இடத்துல பெயின்ட் ஒட்டாது, அடுத்து வைக்கிற சீலன்ட்டும் சரியா பிடிக்காது, அதை முழுசா எடுக்கிறதே பெரிய பாடு.

ஜன்னல் ரப்பர் கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தா புதுசுதான் வழி. மாட்டுறது கஷ்டம் மாதிரி தெரியும், முறை தெரிஞ்சா ரெண்டு பேர் போதும். ரப்பரை முதல்ல கண்ணாடியைச் சுத்தி மாட்டிடணும், ரப்பரோட வெளிச்சுத்துல தகடு உக்கார்ற பள்ளத்துல உறுதியான நைலான் கயிறை சுத்தி விட்டு ரெண்டு முனையும் வண்டிக்கு உள்பக்கமா கீழ் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கிற மாதிரி விடுங்க, சோப்புத் தண்ணி தடவி கண்ணாடியை வெளிய இருந்து ஒருத்தர் உள்ளங்கையால அழுத்த, உள்ள இருக்கிறவர் கயிறை மெதுவா இழுத்தா ரப்பரோட உதடு தகட்டுக்கு மேல ஏறி உக்காந்துடும். ஆனா அதுக்கு முன்னாடி ரப்பர் உக்கார்ற தகட்டு விளிம்புல துரு இருந்தா அதை எடுத்து பெயின்ட் பண்ணியாகணும், கண்ணாடியை மாட்டினப்புறம் அந்த விளிம்பு கண்ணுக்கே தெரியாது.

உங்க வண்டி மர ஃபிரேம் மேல அலுமினிய தகடு அடிச்ச ரகம்னா கதை வேற. உள்சுவரை கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, மெத்துனு போச்சுன்னா உள்ள மரம் ஊறிப் போயிருக்கு. மரத்துக்கான ஈரமானி வாங்கி வச்சுக்கோங்க, 20 சதவீதத்துக்கு மேல காட்டுற இடத்தை திறந்துதான் பார்க்கணும். உளுத்த சட்டத்தை நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து, மிச்சத்தை நல்லா காய விட்டு, புதுச் சட்டத்தை பாலியூரித்தேன் பசை வச்சு சேர்க்கணும். காய விடுறதுல அவசரம் கூடாது, ஈரத்தை உள்ள வச்சு மூடினா புது மரமும் போயிடும்.

துரு

மேலோட்டமா சிவந்திருக்கிறது, குழி குழியா அரிச்சிருக்கிறது, ஓட்டையே விழுந்தது, இப்படி மூணு விதமா பிரிச்சுக்கலாம். முதல் ரெண்டையும் வீட்டுலயே முடிச்சுடலாம். கிரைண்டர்ல கம்பி பிரஷ்ஷோ ஃபிளாப் டிஸ்க்கோ போட்டு பளபளன்னு இரும்பு தெரியுற வரைக்கும் தேய்க்கணும், கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாம கிரைண்டரை ஆன் பண்ணாதீங்க, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. குழிக்குள்ள மிச்சம் இருக்கிற துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் இருக்கிற ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி கறுத்து வர்ற வரைக்கும் விட்டு, அந்த டப்பா மேல போட்டிருக்கிறபடி கழுவியோ கழுவாமலோ காய வைங்க. அப்புறம் எபாக்ஸி பிரைமர், ஜாயின்ட்ல சீம் சீலர் (தகடு சேர்ற இடுக்கை அடைக்கிற பசை), மேல பெயின்ட். சாதாரண பிரைமர் தண்ணியை உறிஞ்சும், அதனால வெறும் பிரைமரோட வண்டியை மழையில நிறுத்தாதீங்க, வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், அடியில துரு திரும்ப ஆரம்பிச்சிருக்கும்.

ஓட்டை விழுந்திருந்தா உளுத்த தகட்டை வெட்டி எடுத்து புதுத் தகடு வச்சு வெல்ட் பண்றதைத் தவிர வேற வழி இல்ல. ஃபைபரும் பட்டியும் வச்சு மூடினா பார்க்க நல்லாதான் இருக்கும், உள்ள துரு ஓடிகிட்டே இருக்கும், வண்டிக்கு பலமும் வராது. மிக் வெல்டிங் (மெஷினே கம்பியைத் தள்ளிக்கிட்டே இருக்கிற வெல்டிங்) கத்துக்க முடியும், முதல்ல அதே கனத்துல வேண்டாத தகட்டுல கை பழகணும். பாடித் தகடு 1 மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும், 0.6 இல்லன்னா 0.8 கம்பி போட்டு, நீளமா இழுக்காம ஒரு பொட்டு இங்க, அடுத்த பொட்டு தள்ளி, ஆற விட்டு நடுவுல ஒண்ணுன்னு வைக்கணும், தொடர்ந்து இழுத்தா சூட்டுல தகடு நெளிஞ்சுடும். பேட்டரியைக் கழட்டிடுங்க, பெட்ரோல் டேங்க் பக்கத்துல வேலைன்னா டேங்க்கையே இறக்கிடுங்க, தீயணைப்பான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரமாவது அங்கயே இருந்து பாருங்க, தகட்டுக்குப் பின்னாடி பழைய பஞ்சு புகையறது உடனே தெரியாது. இன்னொண்ணு, வெல்ட் பண்ற தகட்டை குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போட்டு துடைக்காதீங்க, அது சூட்டுல பாஸ்ஜீன்ங்கிற விஷவாயுவா மாறும், கொஞ்சமே போதும் ஆளைக் கொல்ல.

சேஸ், ஸ்பிரிங், ஸ்டீயரிங், சீட் பெல்ட் இருக்கிற இடத்து வெல்டிங்கை அனுபவமான டிங்கர்கிட்ட குடுத்துடுங்க. எல்லாம் முடிஞ்சதும் பெட்டித் தகட்டுக்குள்ள கேவிட்டி வாக்ஸை (துரு பிடிக்காம இருக்க உள்ள அடிக்கிற மெழுகு) நீளக்குழாய் விட்டு அடிங்க, வெல்ட் பண்ணின இடத்தோட உள்பக்கத்துல பெயின்ட் எரிஞ்சு போயிருக்கும், அங்க பிரஷ் போகாது, வாக்ஸ் மட்டும்தான் போகும்.

பிரேக், டயர், இன்ஜின்

வண்டிக்கு அடியில போறதுன்னா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, சமமான கெட்டித் தரையில ஸ்டாண்ட் போட்டு, எதிர்ப்பக்க வீலுக்கு கட்டை வச்சு, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டு போங்க.

ரொம்ப நாள் நின்ன வண்டியில பிரேக்கை முழுசா பிரிச்சே ஆகணும், பிடிக்குதேன்னு விட்டுடக் கூடாது. வீல் சிலிண்டர் பிஸ்டன் இறுகியிருக்கும், ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள உப்பி அடைச்சிருக்கும், ஹோஸை எல்லாம் புதுசா போட்டுடுங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியை காத்து அடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியால துடைச்சு கவர்ல கட்டிப் போடுங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் சேர்ந்தா அது 155 வரைக்கும் இறங்கிடலாம், மலை இறங்குறப்ப ஆயில் கொதிச்சு பெடல் அப்படியே உள்ள போயிடும். பழசை எல்லாம் எடுத்துட்டு, பிளீட் பண்றப்ப (லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்துறப்ப) உங்க வண்டி மேனுவல் சொல்ற வரிசையில போங்க, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்கிற வீல்தான் முதல்ல.

டயர் பக்கத்துல 'DOT'-னு ஆரம்பிக்கிற கோடோட கடைசி நாலு நம்பரைப் பாருங்க, 2319-னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம புதுசு மாதிரி இருந்தாலும் பத்து வருஷம் தாண்டினதை மாத்திடுங்க, வேன் எடையைத் தாங்குற லோடு ரேட்டிங் இருக்கிறதா பார்த்து வாங்குங்க.

இன்ஜினை சாவி போட்டு உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்னு கை பரபரக்கும், அடக்கிக்கோங்க. ஸ்பார்க் பிளக்கை கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விட்டு, கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையால சுத்திப் பாருங்க. பழைய பெட்ரோலை வடிச்சு, டேங்க்கை சுத்தம் பண்ணி, ஃபில்டர், இன்ஜின் ஆயில், கூலன்ட் எல்லாம் புதுசு. டைமிங் பெல்ட் இருக்கிற இன்ஜின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே மாத்துங்க, நின்னு நின்னு காஞ்ச பெல்ட் அறுந்தா பல இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல அடிச்சு வளைஞ்சுடும். டீசல்னா லைன்ல ஏரும் எடுக்கணும். பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகத்துல மாத்தியே தீரணும், பழைய ரப்பரை எத்தனால் கலந்த பெட்ரோல் தின்னுடும். முக்கியமா ஃபோக்ஸ்வாகன் ஏர்கூல்டு இன்ஜின் இருக்கிறவங்க இதை சின்ன விஷயமா நினைக்காதீங்க, ஹோஸ் வெடிச்சு சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டினா தீ பிடிக்கும், அந்த இன்ஜினோட வெளிக்கூடு மெக்னீசியம் கலப்பு, அதுல தீ பிடிச்சா தண்ணி ஊத்தினா இன்னும் கொழுந்துவிட்டு எரியும். அதே இன்ஜினுக்கு வால்வு இடைவெளி பெரும்பாலும் 0.15 மில்லிமீட்டர், இன்ஜின் நல்லா குளிர்ந்திருக்கிறப்ப பார்க்கணும்.

ஒயரிங், கேஸ்

பழைய வண்டியில லைட் மங்கலா எரியுது, செல்ஃப் அடிக்கலைன்னா பாதிக்கு மேல எர்த் பிரச்சனைதான். எர்த் ஒயர் பாடியில இறங்குற இடத்தை கழட்டி இரும்பு தெரிய சுரண்டி திரும்ப மாட்டிட்டு, அப்புறம் மத்ததைத் தேடுங்க.

உள்பக்கத்துக்கு தனி பேட்டரி வைங்க, இன்ஜின் பேட்டரியோட அது ராத்திரியில சேரக் கூடாது, நடுவுல ஸ்பிளிட் சார்ஜ் ரிலே (இன்ஜின் ஓடுறப்ப மட்டும் ரெண்டையும் சேர்க்கிற சுவிட்ச்) இல்லன்னா டிசி-டிசி சார்ஜர் (இன்ஜின் பக்க கரண்ட்டை இந்த பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிறது) வரணும். லித்தியம் போடுறதுன்னா டிசி-டிசி சார்ஜர்தான் சரி, நேரா கொடுத்தா பழைய ஆல்டர்னேட்டரை அது சூடாக்கியே எரிச்சுடும், 0 டிகிரிக்குக் கீழ லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை சார்ஜும் பண்ணக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி ஓய்வா இருக்கிறப்ப 12.7 வோல்ட் காட்டினா ஃபுல்லு, 12.2 பக்கம் பாதி, அதுக்குக் கீழ இறக்க இறக்க ஆயுசு குறையும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டின மாதிரி இருக்கணும். ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான், மாட்டுற சாமானை இல்ல, அதனால ஒயர் கனத்தைப் பார்த்து ஃபியூஸ் போடுங்க. வாட்டை 12-ஆல வகுத்தா ஆம்ப் வந்துடும், 60 வாட் ஃபிரிட்ஜ்னா 5 ஆம்ப். வீட்டு ஒயரிங்ல வர்ற ஒத்தைக் கம்பி ஒயர் வேண்டாம், அதிர்வுல உடைஞ்சுடும், பல இழை ஒயரும் நல்ல கிரிம்ப் டூலும் வாங்குங்க. தகட்டு ஓட்டை வழியா ஒயர் போற இடத்துல எல்லாம் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பு ஒயரை அறுக்காம தடுக்கிற வளையம்) கட்டாயம்.

சமையல் கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா தரையில தேங்கும், அதனால சிலிண்டர் பெட்டி உள்பக்கத்துக்கு சீல் ஆகி, அடியில வெளிப்பக்கமா திறந்த ஓட்டையோட இருக்கணும். ஹோஸ்ல தேதி அச்சடிச்சிருப்பாங்க, முடிஞ்சதை மாத்துங்க. ஜாயின்ட்டை சோப்பு நுரை போட்டு நீங்க பார்த்துக்கலாம், ஆனா கடைசி டெஸ்ட்டை லைசென்ஸ் இருக்கிறவர் பண்ணட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்குற உயரத்துக்கு பக்கத்துல, கேஸ் அலாரம் தரைக்கு பக்கத்துல, ரெண்டும் வேணும். இது மட்டும் காசு மிச்சம் பிடிக்கிற இடம் இல்ல.

கடைசியா உள்பக்கம்

இன்சுலேஷனுக்கு தண்ணி உறிஞ்சாத ஃபோம் ஷீட் வாங்கி தகட்டோட காத்து இடைவெளி இல்லாம ஒட்டுங்க. மூச்சுக்காத்து ஈரம் குளிர்ந்த தகட்டுல பட்டா வேர்க்கும், அந்தத் தண்ணிதான் உள்ள இருந்து வர்ற துரு. டப்பாவுல வர்ற பொங்குற ஃபோமை பெட்டித் தகட்டுக்குள்ள அடிக்கவே அடிக்காதீங்க, வடிகால் ஓட்டையை அடைச்சு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், மெல்லிசுத் தகட்டை வெளிப்பக்கமா தள்ளியும் விட்டுடும். கூரையில ஒரு வென்ட் எப்பவும் திறந்திருக்கிற மாதிரி வைங்க.

மரவேலையில பார்க்க வேண்டியது எடைதான். முழு அளவு 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஷீட் ஒண்ணு 20 கிலோ பக்கம் வரும், 60 லிட்டர் தண்ணி டேங்க் நிரம்பினா 60 கிலோ. சுவருக்கு மெல்லிசு ஷீட் போதும். பேட்டரி, தண்ணி டேங்க் மாதிரி கனமானது கீழயும் ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுலயும் வரட்டும், இடது வலது சமமா இருக்கணும். வேலை முடிஞ்சதும் எடை மேடையில ஏத்தி, வண்டி பிளேட்டுல போட்டிருக்கிற மொத்த எடைக்குள்ள வருதான்னு பாருங்க. சீட்டு எண்ணிக்கை, கேஸ், பதிவு இதுக்கெல்லாம் ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற வேற, பலகை வெட்டுறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க.

முதல் ஓட்டம் வீட்டைச் சுத்தியே இருக்கட்டும். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி ஒவ்வொரு வீல் நடுப்பக்கத்துலயும் கையை கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க, ஒண்ணு மட்டும் மத்ததைவிட சூடா இருந்தா அந்த பிரேக் விடாம பிடிச்சுகிட்டே ஓடுது. 50-ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு காட்டுற ஸ்பேனர்) போட்டு திரும்ப பாருங்க. ராத்திரி நிறுத்துறப்ப அடியில பெரிய அட்டையை விரிச்சு வச்சா காலையில எது எங்க சொட்டுதுன்னு தெரியும், பழுப்பா வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில், பச்சையாவோ ரோஸாவோ இருந்தா கூலன்ட், பெட்ரோல் வாசனையிலயே தெரிஞ்சுடும். வீலுக்கு உள்பக்கமா வெளிர் நிறத்துல சொட்டியிருந்தா அது பிரேக் ஆயிலா இருக்கலாம், அதை சரி பண்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.